கோப்பையின் மேல் நின்ற இறக்கைக்காரி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வக்கீல் கொடுத்த காலண்டர் தொங்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு கையில் தராசு பிடித்து நிற்பாள். நைனாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு வரும் சரிகையைச் சோதித்து வாங்குவது அவர் வேலை. நாள் முழுக்கத் தராசோடும் உரைகல்லோடும் இருக்கிற மனிதர்.

"கண்ணைக் கட்டிக்கினு எடை போடறவளை எப்படிம்மா நம்பறது? முள்ளு எங்க நிக்குதுன்னு யார் பாக்கறது?" என்பார். தினமும் தேதி கிழிக்கும்போது அவளை முறைத்துவிட்டுத்தான் கிழிப்பார்.

கடையில் சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ரேடியோவில் மழை வரும் என்றால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இவனுக்கு யார் சொன்னது?" என்று கேட்பார். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் ஒரு நாள் சாயங்காலம் இறக்கை வைத்த ஒருத்தியைக் கொண்டுவந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். சுழற்கோப்பை கொடுத்தார்கள். ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த விழாவுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தங்க நிறக் கிண்ணம், அதன் மூடி மேல் ஒரு பெண். முதுகில் இரண்டு இறக்கை, தூக்கிய கையில் ஒரு இலை வளையம். உடம்பில் துணி இருந்தது என்று சொல்லலாம், காற்று அதைப் பாதி எடுத்துக்கொண்டு போயிருந்தது.

நைனா கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாரு இவ?"

"கப்பு நைனா. ஓட்டத்துல குடுத்தாங்க."

"கப்பு சரி. கப்பு மேல யாரு?"

அம்மா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ரெக்கை இருக்குது. கருடாழ்வாருக்குப் பொண்ணு ஏதாச்சும் உண்டா?" என்றாள்.

"கருடாழ்வாரும் இல்ல, காக்காவும் இல்ல. மாதா கோயில்ல ரெக்கையோட நிக்குது பார், சம்மனசு, தேவதூதன்னு சொல்வாங்களே, அதான் இது," என்றார் நைனா. எங்கள் டிரில் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். அது நைனாவுக்குத் தெரியும். "ஓட வெச்சி, கப்பு குடுத்து, மெதுவா உள்ள இழுப்பாங்க. எனக்குத் தெரியாதா?" கோப்பையின் அடியைக் கத்தி முனையால் சுரண்டினார். தங்க நிறம் போய் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. "பாத்தியா? மேலதான் மெருகு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, என் கோப்பையில் கீறல்.

மறுநாள் டிரில் டீச்சரிடம் நேராகவே கேட்டேன், காலண்டர்காரியைப் பற்றியும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சம்மனசும் இல்லை, மாதாவும் இல்லை என்றார். ஏசுநாதர் பிறப்பதற்கு முன்பே கிரேக்க நாட்டில் கும்பிட்ட வெற்றித் தெய்வமாம், பெயர் நீக்கே. உன் வீட்டுக் காலண்டரில் தராசு பிடிக்கிறவளும் அந்த வம்சம்தான், மருந்துக் கடைப் பலகையில் பாம்பு சுற்றிய கிண்ணம் இருக்கிறதே, அதுவும் அங்கே ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியுடையது என்றார். "இப்ப அவங்களை யாரும் கும்பிடறதில்லம்மா. சும்மா அடையாளத்துக்கு வெச்சிருக்காங்க."

இதைச் சொன்னால் வீட்டில் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை என்னவென்று சொல்வது!

நைனா விரல் விட்டு எண்ணினார். "கோர்ட்டுல ஒருத்தி. மருந்துக் கடையில ஒருத்தி. பள்ளிக்கூடத்துல ஒருத்தி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கினு போயிட்டான், இவளுங்க போகல. கும்பிடாத சாமியை இன்னாத்துக்குக் கப்புல வெக்கறாங்க? காரணம் இல்லாம வெப்பாங்களா?"

அம்மாவின் முகம் வேறு மாதிரி மாறியது. மருந்துக் கடைப் பாம்பை நாகாத்தம்மன் என்று நினைத்துப் போகும்போதும் வரும்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் அவள். அதை விட அவளைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. "யாருமே கும்பிடறதில்லையா? படையல் ஒண்ணும் கிடையாதா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பூசை நின்றுபோன கோயில் பக்கம் உச்சி வேளையில் போகக் கூடாது, அங்கே இருக்கிற அம்மன் பசியோடு இருப்பாள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. அந்தக் கணக்குப்படி, அத்தனை காலமாகச் சோறு காணாத ஒருத்தியை நான் வீட்டுக்குள் கூட்டி வந்திருந்தேன்.

கோப்பைக்குச் சாமி அலமாரியில் இடம் இல்லை என்று முடிவானது. கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் கேட்பார்கள். கடைசியில் சமையலறைப் பலகையில், உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவில் போய் நின்றாள் வெற்றித் தெய்வம்.

கூடத்தில் வைக்காததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அப்போது தாமலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஏரிப் பாசன நிலம், நல்ல குடும்பம், பையன் டிராக்டர் ஓட்டுவான். பத்தாவது முடித்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவர்கள் வந்து உட்காரும் கூடத்தில் ஓட்டக் கோப்பை கண்ணில் படக் கூடாது. டிரில் டீச்சரோ வேறு கணக்குப் போட்டிருந்தார். செங்கல்பட்டில் நடக்கும் மாவட்டப் போட்டியில் நான் ஒரு இடம் பிடித்தால், பள்ளி முடிந்ததும் உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்புக்கு என்னைத் தைரியமாக அனுப்பலாம் என்றார். எனக்கு அது வேண்டும். வெறியாக வேண்டும். தாமல் ஏரியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதன் கரையில் உட்கார்ந்து கடைசி வரை மாட்டுக்குத் தீனி கலக்க நான் தயாராக இல்லை.

பயிற்சிக்குச் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் ஓடச் சொன்னார் டீச்சர். மணலில் ஓடினால் கால் உறுதியாகும். நைனா அதையும் விடவில்லை. "தண்ணியே ஓடாத ஆத்துல நீ இன்னாத்துக்கு ஓடற?" என்று கேட்டார். ஒரு நாள் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, மரத்தின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி ஓடினேன். வீட்டில் இவர்கள் பேசும் சாமி, சம்மனசு எல்லாம் சாக்கு, என் ஓட்டத்தை நிறுத்தத்தான் வழி பார்க்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவர் மகள்தானே நான்.

ஒரு வெள்ளிக்கிழமை உப்பெடுக்கப் போனபோது பார்த்தேன். இறக்கைக்காரியின் நெற்றியில் குங்குமம். காலடியில் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு. அம்மாவின் வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. தாமல் சம்பந்தம் நல்லபடியாக முடியட்டும், இந்தப் பெண் காலைக் கட்டிப் போடு என்று வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நைனாவும் பார்த்துவிட்டார்.

"பூசையே ஆரம்பிச்சிட்டியா?" என்று என்னிடம் கத்தினார். "நான் அன்னிக்கே சொன்னேன். அந்த டீச்சரம்மா சொல்லித்தான பண்ற?"

"நான் வெக்கல நைனா."

"பின்ன பொட்டு தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.  நைனா ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். "இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போறேன். செங்கல்பட்டும் வேணாம், ஓட்டமும் வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

பொத்தான் போடும்போது அம்மி நின்றது.

"நான்தாங்க வெச்சேன்," என்றாள் அம்மா.

நைனா திரும்பினார். "நீயா? உனக்கு எதுக்கு?"

"பசியோட ஊட்டுக்குள்ள நிக்கறவளுக்கு ஒரு பிடி போட்டா இன்னா குறைஞ்சி பூடும்? சும்மாவும் போடல. கேட்டுக்கினுதான் போட்டேன்."

"இன்னா கேட்ட?"

"செங்கல்பட்டுல இவ ஜெயிக்கணும்னு."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அம்மா மிளகாய்க் கையை முன்னால் நீட்டிக்கொண்டே எழுந்து வந்தாள். "இந்த ஊர்ல கோயிலுக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு வேண்டிக்கலாம். புள்ளைக்கு வேண்டிக்கலாம். அம்மை போட்டா வேண்டிக்கலாம். பொட்டப்புள்ள ஓடறதுக்கு எந்த அம்மன் கிட்ட போய் நிக்கறது? நீங்களே சொல்லுங்க. இவ ஒருத்திதான் அதுக்குன்னு இருக்கா."

நைனா பலகையில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, புதுச் சரிகை கொண்டுவந்த ஆளிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"கேட்டா குடுக்குமா?"

"எனக்கு இன்னா தெரியும்? புது சாமி. செங்கல்பட்டுலதான் தெரியும்."

உரசிப் பார்க்காமல் ஒரு கண்டுச் சரிகையைக்கூட அவர் ஏற்றதும் இல்லை, தள்ளியதும் இல்லை. நிதானமாகப் பொத்தானைக் கழற்றினார். சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார். "செங்கல்பட்டு முடியட்டும். தாமலுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம்," என்றார்.

போட்டிக்கு அவரும் பஸ்ஸில் வந்தார். சுண்ணாம்புக் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கடிகாரம் பிடித்திருந்தவர்களிடம் போய், எல்லாக் கடிகாரமும் ஒரே மணி காட்டுகிறதா என்று விசாரித்தார்; அவர்கள் எரிச்சலோடு இவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான் வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் ஓடினேன். இரண்டாவதாக வந்தேன்.

இரண்டாவது பரிசுக்கு ஒரு சின்ன மெடல். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "வெறும் சோறு போட்டுட்டேன். நெய் விட்டிருக்கணும்," என்று உச்சுக் கொட்டினாள். நைனா மெடலையும் கத்தியால் சுரண்டினார். "இதை வெச்சி அந்த சாமிக்கு சக்தி இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இன்னொரு வருசம் பாத்தாதான் தெரியும்," என்றார். மறுநாளே தாமலுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: பெண்ணுக்கு இப்போது கல்யாணம் பண்ணுவதாக இல்லை.

நான் தோட்டத்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை. அழுது முடித்ததும் வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே சாமியைச் சோதிக்கத்தான் இதைச் செய்கிறாரா, இல்லை இறங்கி வர ஒரு படிக்கட்டு தேடிக்கொண்டிருந்தாரா? அவரிடம் கேட்க முடியாது. கேட்டால், "யாரு உன்னைக் கேக்கச் சொன்னது?" என்பார்.

கோப்பையைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்கியது. அது மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமானால் நான் மறுபடி ஜெயிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் திருமுக்கூடலில் மாமா வீட்டில் காதுகுத்து, அம்மா போயிருந்தாள். வெள்ளிக்கிழமை. நான்தான் சோறு வடித்து வைத்துவிட்டு ஆற்று மணலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், இறக்கைக்காரியின் நெற்றியில் புதுக் குங்குமம், கொஞ்சம் கோணலாக. காலடியில் இலைத் துண்டு, அதில் சோறு. சோற்றின் மேல் நெய்.

கூடத்தில் நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசற்படியிலேயே நின்றேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கற?" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமல். "உங்கம்மா சொல்லிட்டுப் போனா."

ஊரிலிருந்து வந்ததும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நான் எங்கடி சொன்னேன்?" என்றாள். "அந்த மனுசங்கிட்டப் போய் இதைச் செய்யுங்கன்னு சொல்ல எனக்கு இன்னா பைத்தியமா?" சொல்லிக்கொண்டே நெய்க் கிண்ணத்தைத் திறந்தவள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நெய் குறைஞ்சிருக்குதே. யார் எடுத்தது?"

நான்தான் என்றேன்.