சாயம் போட்ட வலையும் ஆறு மில்லிமீட்டரும்

1. அளந்த அன்று

அணைக்கரையில், ஆடிட் செய்ய வந்த ஸ்டெல்லா மேடம் வலைக்கண்ணுக்குள் அளவுகோலை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி நாலு" என்றார். பக்கத்து வலையும் அதே அளவுதான். வலைக்கண் நூறு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால் வளராத மீனெல்லாம் மாட்டிக்கொள்ளும்.

அந்த வலைகளை விற்றவன் நான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வேலம்பாளையத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஆறு மெஷின் போட்டேன். துணியை இரண்டு விரலில் பிடித்தே ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, சொல்வேன். சந்தேகப்பட்டு எடை போட்டுப் பார்த்தவர்கள் நான் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியை மகனிடம் விட்ட பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் மீன் வலை வியாபாரத்தில் இறங்கினேன். அதிலும் இரண்டே வருஷத்தில் பெயர் வாங்கினேன்.

கணியூருக்கு அப்பால் ஓர் அணையில் பரிசலில் போய் மீன் பிடிக்கும் முப்பது குடும்பங்கள் என் வாடிக்கை. அவர்களின் சங்கத் தலைவர் செல்லமுத்து. மீன்வளம் அழியாமல் பிடித்த மீன் என்று சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு ஒன்று, கடல் மீனுக்கு வைத்திருந்த ஸ்டாண்டர்டை, அதாவது விதித் தொகுப்பை, அணை மீனுக்கும் பொருந்தும்படி திருத்திக்கொண்டிருந்தது. திருத்திய வரைவை எங்கள் அணையில்தான் சோதித்தார்கள். தேறினால் ஒரு பெரிய மீன் கம்பெனி நேரடியாக வாங்கிக்கொள்ளும். தேறாவிட்டால், பழையபடி கரையில் நிற்கும் ஏஜெண்டு சொல்வதுதான் விலை.

செல்லமுத்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, லேபிள்ல நூறுன்னு போட்டது நீங்கதானுங்களே?"

நான் விடவில்லை. அளவுகோல்தான் தப்பு என்றேன். மேடம் அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் அளந்தாலும் தொண்ணூற்று நான்குதான். குரலைத் தாழ்த்தி, "பாத்து எழுதுங்க அம்மிணி, முப்பது ஊட்டுப் பொழப்பு" என்றேன்.

அவர் தூத்துக்குடிக்காரர். மீனவக் குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். "நான் பாத்து எழுதுனா உங்களுக்குப் பேப்பர் கெடைக்கும் அண்ணாச்சி. அதை நம்பி மீன் வாங்குறவன் ஏமாந்துருவாம்லா" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே 'மேஜர் நான்-கன்ஃபார்மிட்டி', அதாவது பெரிய விதிமீறல், என்று எழுதினார். அன்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

2. வெள்ளை வலை

குடோனில் விற்காத கட்டு ஒன்று கிடந்தது. பிரித்து அளந்தேன். சரியாக நூறு இருந்தது. ஒரே மில்லில், ஒரே லாட்டில் வந்த சரக்கு. ஒரே ஒரு வித்தியாசம்தான். இது வெள்ளை, அவர்களிடம் இருப்பது பச்சை.

அணைத் தண்ணீரில் வெள்ளை வலையைக் கண்டால் மீன் விலகிப் போகிறது, பச்சையாகக் கொடுங்கள் என்று செல்லமுத்து கேட்டிருந்தார். மற்ற வியாபாரிகள் முடியாது என்றார்கள். எனக்கா முடியாது? பழகிய டையிங் யூனிட்டில் கொடுத்து, துணிக்குச் சாயம் போடுவதுபோல நைலான் வலையைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு வாங்கினேன். கண்ணை அளந்து லேபிள் ஒட்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் துணியைத் துவைத்துக் காயவைத்து, சுருக்கம் எவ்வளவு என்று பார்க்காமல் கட்டிங்குக்கு அனுப்ப மாட்டோம். அப்படி அனுப்பிய சூப்பர்வைசர்களை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அது துணிக்குத்தான், வலை சுருங்குமா என்று நான் யோசிக்கவே இல்லை.

3. விதியில் இல்லாதது

வரைவைத் திருத்தும் கூட்டத்துக்குச் சங்கத்தாரோடு வலை விற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு விதியாக வாசித்துக் கருத்துக் கேட்டார்கள். எல்லார் முன்னாலும் காகிதக் கட்டு இருந்தது. என் மடியில் துணிப்பை. செல்லமுத்து என்னை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

வலைக்கண் விதி வந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், இந்த ஆட்கள் வேண்டுமென்றேதான் சின்னக் கண் வலை வாங்குகிறார்கள், இந்த அணையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறந்தால் என் வியாபாரம் போகும் என்று தெரிந்தும் எழுந்தேன்.

"தப்பு அவங்க மேல இல்லீங்க. வலையை வேக வெச்சவன் நானு."

சிரித்தார்கள். பையிலிருந்து வெள்ளை வலையையும் பச்சை வலையையும் எடுத்து மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். "விதியில நூறுன்னு இருக்குதுங்க. எப்ப அளக்கோணும்னு இல்லீங்களே. சாயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? காஞ்ச வலையா, நனைஞ்ச வலையா?"

ஸ்டெல்லா மேடம் இரண்டு வலையையும் நனைத்து அங்கேயே அளந்தார். வரைவில் மூன்று திருத்தம் எழுதிக்கொண்டார்கள். சாயம் போட்டு, பயன்பாட்டில் இருக்கும் வலையை ஈரமாகத்தான் அளக்க வேண்டும். எல்லா வேலையும் முடிந்தபின் உள்ள அளவை விற்பவர் எழுதித் தர வேண்டும். தெரியாமல் நடந்திருந்தால் வலையை மாற்ற ஒருமுறை அவகாசம் தரலாம். ஆனால் மேடம், பிடித்த குஞ்சு மீன் திரும்பி வராதே என்று, மீன் முட்டையிட வரும், அணைக்குள் ஆறு சேரும் இடத்தில் ஒரு பருவம் வலை போடக் கூடாது என்றார். செல்லமுத்து சம்மதித்தார்.

சுருங்கிய பிறகும் நூறு இருக்கும்படி பெரிய கண் வலையாக வாங்கிச் சாயம் போட்டு, முப்பது வீட்டுக்கும் மாற்றிக் கொடுத்தேன். மறு ஆடிட்டில் தேறினார்கள். இன்றும் அந்த மீன் கம்பெனி வண்டி கரைக்கு வருகிறது.

நான் சொன்னது ஒரு ஸ்டாண்டர்டில் விதியாக ஏறியிருக்கிறது. படித்தவர்கள் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கும்? ஆனால் அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது, அன்று கரையில் தொண்ணூற்று நான்கை நூறு என்று எழுத மறுத்த அந்தப் பெண்ணுக்குத்தான். அவர் இரக்கப்பட்டு எழுதியிருந்தால், நான் இன்னும் வலையை வேகவைத்து விற்றுக்கொண்டிருப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் குறையை முகத்துக்கு நேரே எழுதுகிறவரோடு சண்டை போடாதீர்கள். வீட்டுக்குப் போய் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

தேறிய அன்று செல்லமுத்துவிடம், இனி வம்பு வேண்டாம், வெள்ளை வலையே தருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பச்சையே குடுங்கண்ணா. சாயம் போடத் தெரிஞ்ச வலைக்காரரு எங்களுக்கு வேற ஆரு இருக்கறாங்க?"