விழப்போகும் சின்னம்மா

எங்கள் சின்னம்மா ஒரே விபத்தில் ஓராயிரம் தடவை விழுந்தவர்.

உண்மையில் விழுந்தது ஒரு தடவைதான். நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று குறுக்கே பாய, கோட்டைக்குப் போகும் வளைவில் ஸ்கூட்டரோடு சரிந்து முழங்கையை உரசிக்கொண்டார். காயம் ஆறிவிட்டது. ஆனால் தேங்காய் துருவும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் சின்னம்மா அந்த வளைவுக்கே போய்விடுவார். மெதுவாக வந்திருந்தால், பிரேக்கை முன்னமே பிடித்திருந்தால், பின்னால் பஸ் வந்திருந்தால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். அதை நினைக்காதே என்பார் அம்மா. நினைக்காமலிருக்க முயன்ற நாட்களில் அது இன்னும் கூடியது. ஸ்கூட்டர் குசினிக்குப் பின்னால் பழைய சீலைக்குள் கிடந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும். கடையும் பஸ்ஸும் இல்லாத ஒரு ஹர்த்தால் நாள். அம்மாவும் அப்பாவும் முதல்நாளே தம்பலகாமத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போய், பஸ் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். மத்தியானம் சூடைமீன் முள் என் தொண்டையில் சிக்கியது. சோற்று உருண்டையை விழுங்கினேன், வாழைப்பழத்தை விழுங்கினேன். துப்பியபோது இரத்தம் வந்தது. றோட்டில் ஒரு ஓட்டோகூட இல்லை.

சின்னம்மா போய் ஸ்கூட்டரை மூடியிருந்த சீலையை இழுத்தெறிந்தார்.

பின்னால் இருந்த என் கன்னத்தில் அவருடைய முதுகின் நடுக்கம் தெரிந்தது. "விழப்போறன், விழப்போறன்" என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். நடுங்கும் கைகள் ஒரு வண்டியை அவ்வளவு நேராகக் கொண்டுபோனதை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அந்த வளைவைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே மான்கள் கூட்டமாக நின்றன. சின்னம்மா நிறுத்திக் காலை ஊன்றினார்.

"பிள்ளை, நான் விழுவனெண்டு மனம் சொல்லிக்கொண்டே இருக்குது. சொல்லிக்கொண்டு வரட்டும். நாங்கள் போவம்."

எனக்குப் பேச ஏலாது. அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மான்கள் விலகின.

டொக்டர் இடுக்கியால் முள்ளை எடுத்துக் காட்டினார். நான் பட்ட பாட்டுக்கு அது மிகச் சிறியதாக இருந்தது. திரும்பி வரும் வழியில், குரல் வந்ததும் கேட்டேன்: "இப்ப பயம் போயிட்டுதோ, சின்னம்மா?"

"இல்லை," என்றார். பிறகும் முணுமுணுத்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் அறிந்த வீரர்கள் யாரும் இப்படி முணுமுணுப்பதில்லை. ஹர்த்தால் முடிந்து அன்றிரவு அம்மாவும் அப்பாவும் வந்ததும் சின்னம்மா நடுங்கியதைத்தான் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தார்.

அடுத்த நாள் கடைகள் திறந்துவிட்டன. வீட்டில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. உப்பு வாங்கி வருவதாகச் சொல்லிச் சின்னம்மா ஸ்கூட்டரை எடுத்தார். எங்கள் ஒழுங்கை முனையிலேயே கடை இருந்தது. அவரோ அந்த வளைவு இருக்கும் கோட்டைப் பக்கம் திருப்பினார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"சின்னம்மா, கடை இஞ்சை, இந்தப் பக்கம்" என்று வாசல் படலையில் நின்று கத்தினேன்.