மஞ்சள் கட்டம் போட்ட சட்டை

எங்கள் கல்லூரி சின்னது. எவ்வளவு சின்னது என்றால், முதல்வர் தன் அறையில் தும்மினால் இயற்பியல் கூடத்தில் நான் கரும்பலகையில் எழுதும் வரி கோணிக்கொள்ளும். இதை நடத்துவது யார் என்று கேட்டால் முதல்வர் தன்னைத்தான் காட்டுவார். சொல்லிக்கொள்ளட்டும், பாவம். உண்மையில் நடத்துவது அலுவலகத்தில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டன்ஸ் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகைப் பதிவு பார்த்ததால் வந்த பெயர். அப்புறம் பிரிவு மாறிற்று, முதல்வர்கள் மாறினார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கிறார். கடையில் என்ன வாங்கச் சொன்னாலும் மறந்துவிட்டு வெறும் பையோடு வந்து நிற்கிறாள், ஊரான் பிள்ளைகள் செய்த அட்டூழியம் மட்டும் வரி தப்பாமல் நினைவிருக்கிறது என்பது தங்கையின் நிரந்தரப் புலம்பல்.

அந்த நினைவில்தான் எங்கள் கல்லூரி உயிர் பிழைத்திருக்கிறது. கட்டணத்தில் வருவது சம்பளத்துக்கே இழுபறி. கூரை, குழாய், மின்விசிறி எல்லாம் பழைய மாணவர்கள் தயவு. அந்தத் தயவை வரவழைப்பது அக்காவின் போன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா மேஜையின் கீழ் இழுப்பறையை இழுத்து, அதன்மேல் காலை நீட்டி, போனை மடியில் வைத்துக்கொள்வார். நன்கொடை என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. எடுத்த எடுப்பில், என் பைக்குள் தவளையை விட்டவன் நீதானே என்பார். எதிர்முனையில் இருப்பது பெரிய அதிகாரியாக இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்லும். பிறகு பெண்டாட்டி பிள்ளைகள், ரத்த அழுத்தம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில், லேப் கூரை ஒழுகுதுடா என்று சொல்லி போனை வைத்துவிடுவார். அந்த வாரமே கூரைக்கு வழி பிறக்கும்.

இதில் ஒரு தர்மமும் உண்டு. அந்தக் காலத்தில் யார் என்ன செய்தாலும் அக்கா காட்டிக்கொடுத்ததில்லை. பார்த்ததையெல்லாம் மனதுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். பல வருடம் கழித்து வட்டியோடு எடுப்பார்.

முதல்வருக்கு இந்த முறை கௌரவக் குறைச்சலாகப் பட்டது. வழவழ காகிதத்தில் ஒரு வண்ணப் புத்தகம் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார். அதில் எங்கள் கல்லூரி எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. போனில் பேசவேண்டியதையும் மரியாதையாக எழுதிக் கொடுத்தார். அக்கா அதை அப்படியே படித்தார். எதிரே இருந்தவர் இன்சூரன்ஸ் என்று நினைத்து வைத்துவிட்டார். மறுநாளே இழுப்பறையும் தவளையும் திரும்பி வந்தன.

இப்படி அக்கா பிடித்தவர்களில் பெரிய மீன் லிப்ட்காரர். வேறொரு ஊரில் அடுக்குமாடிகளுக்கு லிப்ட் மாட்டும் கம்பெனி வைத்திருக்கிறார். லேப்பின் பெரிய ஜன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டுப் பின்பக்கக் கேட் ஏறிக் குதித்து ஓடியவர் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. முதல் தடவை கேட்டபோது எதிர்முனை, என்னையா கேக்கறீங்க என்று கேட்டதாம். பிறகு, ஆமாக்கா, நான்தான் என்றதாம். அன்று முதல் வருடம் தவறாமல் அக்கா திட்டுவார், அவர் அனுப்புவார். புதுக் கண்ணாடி வந்தது, கூரை வந்தது, என் கூடத்துக்கு நான்கு நல்ல தராசுகள் வந்தன.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து சோதனைக்கு வந்த குழு, இந்த லேப்பை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவில் ஆள் சேர்க்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனது. பிரிவு மூடினால் என் வேலையும் சேர்ந்து மூடும். அது கிடக்கட்டும். பகலில் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேறு கல்லூரி கிடையாது. அக்கா லிப்ட்காரருக்குப் போன் போட்டார். முழு லேப்பையும் நானே கட்டித் தருகிறேன், குடும்பத்தோடு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அந்த மகராசன்.

அவர் வருவதற்கு முந்தின வாரம் அக்காவுக்குப் பல்வலி. நான்தான் கூட்டிப்போனேன். பல் டாக்டரும் எங்கள் பழைய மாணவர்தான், லிப்ட்காரர் வகுப்பு. ஆனால் அவர் கல்லூரிக்கு ஒரு ஆணிகூட வாங்கித் தந்ததில்லை. வாயில்லாப் பூச்சி, அவனைத் திட்ட என்ன இருக்கிறது என்று அக்கா போன் செய்ததே இல்லை. அந்த வாயில்லாப் பூச்சி இப்போது அக்காவின் வாய்க்குள் பஞ்சும் கம்பியுமாகத் திணித்துவிட்டு, தான் பேச ஆரம்பித்தது.

"அக்கா, லேப்ல பெரிய கண்ணாடி ஒண்ணு உடைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? நான்தான் உடைச்சேன். அன்னிக்கு ரூம்மேட்டோட மஞ்சக் கட்டம் போட்ட சட்டைய மாட்டியிருந்தேன். கேட்ல சிக்கி டர்ருன்னு கிழிஞ்சுது. இங்க பாருங்க, கையில தழும்பு."

அக்கா ஆ என்றார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், பாதி வாய் மரத்த நிலையில், அக்கா விஷயத்தைச் சொன்னார். அன்று அலுவலக ஜன்னல் வழியே அவர் பார்த்தது முதுகை. அந்தச் சட்டையை லிப்ட்காரர் வாரத்தில் பாதி நாள் போட்டு வருவார். சட்டையையும் பதிவேட்டில் இருந்த பெயரையும் வைத்து ஆளை முடிவுகட்டிவிட்டார்.

"செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன்கிட்ட வருஷா வருஷம் வாங்கியிருக்கோம் சார். இனிமே ஒரு செங்கல் வாங்கணும்னாலும் உண்மையச் சொல்லிட்டுத்தான் வாங்குவேன்."

நான் என்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். உண்மை எங்கேயும் ஓடிப்போகாது, கட்டடம் எழும்பின பிறகும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்றேன். அக்கா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விஷயம் காதுக்கு எட்டியதும் முதல்வர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். கையெழுத்து ஆகும்வரை அக்கா விருந்தாளிகள் பக்கமே வரக்கூடாது என்று, கடைக்கோடி வராந்தாவில் ஜூஸ் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். தட்டோடு நடந்துவர அக்காவுக்குக் கால் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

லிப்ட்காரர் வந்தார். வெடவெடவென்று ஒல்லி, கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க முடியாத முகம். மனைவியையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு, மாலைக்குக்கூட நிற்காமல் நேராக லேப்புக்குப் போனார். ஜன்னலைக் காட்டி, இதுதான் என்றார். பெரிய மகள் ஜன்னலின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பெருமையை வீட்டில் என் பிள்ளைகள் முகத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்போது அக்கா ஜூஸ் தட்டோடு வந்தார். பெண்களுக்குத் தொலைநோக்கியைக் காட்டுங்கள் சார் என்று என்னிடம் சொன்னார். காட்டினேன். காது மட்டும் ஜன்னலோரமே இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கண்ணாடிய நீங்க உடைக்கல. நான் பாத்தது சட்டைய மட்டுந்தான், ஆளப் பாக்கல. இத்தன வருஷம் வீணா திட்டிட்டேன். கையெழுத்துப் போடறதும் போடாததும் இனி உங்க இஷ்டம்."

என் லேப் கண்ணெதிரே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. லிப்ட்காரர் தட்டிலிருந்து ஒரு ஜூஸ் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"நீன்னே சொல்லுங்கக்கா, போன்ல அப்படித்தானே பேசுவீங்க. நான் உடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? சட்டை கிழிஞ்சு வந்தப்பவே தெரியும்."

பிறகு ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டார் அக்கா. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"இங்க படிச்ச காலத்துல என்னை யாரும் ஒரு தடவகூட திட்டினதில்ல. திட்டணும்னா ஆளத் தெரியணுமில்ல? அத்தன வருஷம் கழிச்சு நீங்க போன் பண்ணி, நீதானேடா அவன்னு கேட்டீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. என்ன ஞாபகமில்லன்னாலும் என் சட்டையாவது ஞாபகம் இருந்துச்சே."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். எங்காவது, எந்த பெஞ்சிலாவது அந்த முகம் கிடைக்காதா என்று தேடுவது தெரிந்தது. கிடைக்கவில்லை. எனக்கே தாங்கமுடியவில்லை.

"பிள்ளைங்கள இந்தக் கதையச் சொல்லித்தான் வளத்திருக்கேன்" என்றார் லிப்ட்காரர், தாழ்ந்த குரலில். "அத மட்டும் எடுத்துராதீங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் உள்ளே வரவேண்டுமா? முன்னாள் மாணவர் என்று அவருக்கும் அழைப்பு போயிருந்தது. பழைய அறைத் தோழனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். மகள்களும் தொலைநோக்கியை விட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், தழும்புக் கையைத் தூக்கினார், இந்தக் கண்ணாடி இருக்கே என்று உற்சாகமாக ஆரம்பித்தார். லிப்ட்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர், நீங்க உடைச்சது பாத்ரூம் கண்ணாடி" என்றார் அக்கா, அசையாத குரலில். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது இன்னும் அப்படியேதான் கெடக்கு, மாத்த ஆளில்லாம."

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தத் தழும்புதான். ஆனால் அட்டெண்டன்ஸ் அக்கா சொல்லிவிட்டால் தழும்பின் பேச்சு எங்கே எடுபடும்? அப்படியாக்கா என்றார், பரிதாபமாக. அடுத்த வாரமே பாத்ரூமுக்குப் புதுக் கண்ணாடி வந்தது, கூடவே குழாய்களும். வாயில்லாப் பூச்சி எங்களுக்குச் செய்த முதல் உபகாரம் அது.

உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று வந்த அக்கா, பத்துப் பேர் முன்னால் முழுப் பொய்யைச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். லிப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் வண்ணப் புத்தகத்தின் பலன் என்று முதல்வர் மேடையில் பேசினார்.

மறுநாள் மதியம் நான் தேநீர்க் கோப்பையோடு அலுவலகத்துக்குப் போனேன். இழுப்பறை மூடியே இருந்தது. அக்கா காலைத் தரையில் ஊன்றி, நேராக உட்கார்ந்து, யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். தவளை இல்லை, கண்ணாடி இல்லை.

"காலேஜ் ஆபீஸ்லேருந்து பேசறேம்மா. எவ்வளவு யோசிச்சும் உன் முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரல. தப்பு என்னோடதுதான். எந்த பெஞ்சுல உக்காந்திருந்தே, சொல்லு."

 எதிர்முனை பேச ஆரம்பித்தது. மணி அடித்து நான் வகுப்புக்குக் கிளம்பியபோதும் அக்கா உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்.