மூலைத் தூணும் ஹில்டாவும்

ஹில்டா தர்லோ மண்டியிட்டு, பின்னல் ஊசியால் மூலைத் தூணின் அடியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கள்தோறும் காலைத் தேநீருக்கு முன் இந்தச் சோதனை நடக்கும். முந்நூற்றைம்பது வயது ஓக் மரம். குத்தினால் ஊசிதான் வளைய வேண்டும். அன்று பாதி ஊசி உள்ளே போய்விட்டது.

ஆங்கிலக் கிராமப்புறமான சஃபோக்கில் இருக்கும் அந்த வைக்கோல் கூரை வீட்டில் நேர்கோடு என்று எதுவும் கிடையாது. மேசையில் முட்டையை வைத்தால் அது வடக்கே புறப்பட்டுவிடும். தாழ்ந்த உத்திரத்தில் தலை இடிக்காத விருந்தாளி இல்லை. இடித்துக்கொண்டவரிடம் ஹில்டா கேட்பது ஒன்றுதான்: "என் உத்திரத்துக்கு ஒண்ணும் ஆகலியே?"

தச்சர் டெனிஸ் வந்து வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்தார். மரச்சட்டங்களுக்கு நடுவே மிளாறுக் குச்சிகள் பின்னி, மண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பிய சுவர். மேலே சுண்ணாம்பு இருந்தவரை ஈரம் வந்த வழியே காய்ந்து போயிற்று. இப்போது இருப்பது சிமென்ட். வெளியேற வழியில்லாத ஈரம் தூணைத் தின்றிருந்தது.

"இந்த சிமென்ட்ட முழுசா பேத்து எடுக்கணும்மா. தூண் இன்னொரு குளிர்காலம் தாங்காது. மூலை உக்காந்தா கூரையும் கூடவே வந்துடும். எந்தப் புண்ணியவான் பூசினான்?"

பூசிய புண்ணியவான், திறந்திருந்த ஜன்னலுக்கு உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹில்டாவின் கணவர் கிளிஃபர்ட். மனைவியின் கட்டில் பக்கம் சாரல் அடிக்கிறதே என்று, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை முழுக்கத் தனியாளாக நின்று பூசினார். "பாறை மாதிரி நிக்குது பாரு" என்று இன்றும் வருவோர் போவோருக்கெல்லாம் தட்டிக் காட்டுவார். தூண் போனால்கூட மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெருமை உடைவதை ஹில்டாவால் தாங்க முடியாது.

கணவர் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தாலே மூன்று நாள் சொல்லிக் காட்டுகிற ஹில்டா, "நான்தான் பூசச் சொன்னேன்" என்றார். "அந்த மனுஷன் வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டாரு. நான் கேக்கல."

கதவு திறந்தது. கிளிஃபர்ட் சுத்தியலும் உளியுமாக வந்து நின்றார்.

"எனக்காகப் பொய் சொல்லாத, ஹில்டா. பூசினது நான். முதல் அடி நான்தான் அடிப்பேன்."

எண்பது வயதுக் கை. ஓங்கும் முன்பே சுத்தியல் ஆடியது. டெனிஸ் பதறிப்போய், "ஐயா, குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீ தள்ளி நில்லு, டெனிஸ்" என்றார் ஹில்டா.

கணவரிடமிருந்து உளியை வாங்கிச் சுவரில் பொருத்தி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ம், அடிங்க."

கண்களை இறுக மூடிக்கொண்டார். கைகளை எடுக்கவில்லை.