பெயரில்லாத மாத்திரைகள்

அதிக ஜாக்கிரதையாக இருப்பதும் ஒரு வகைக் கவனக்குறைவுதானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன வருடக் கோடை விடுமுறையில், மலேசியாவில் வேலை பார்க்கும் கணவரைப் பார்க்க நான்கு வயது மகளோடு திண்டிவனத்திலிருந்து கிளம்பினேன். தண்ணீர் காய்ச்ச கெட்டில், கொசுவுக்குக் களிம்பு என்று ஒன்றையும் விடவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டி, காய்ச்சலுக்கும் வாந்திக்கும் மாத்திரை வாங்கினேன். நம் ஊர்க் கடைகளில்தான் தெரியுமே, நான்கு கேட்டால் அட்டையில் நான்கை வெட்டி, எதற்கு, எத்தனை என்று கவரில் எழுதித் தருவார்கள். பெட்டியில் இடம் மிச்சமாகட்டும் என்று கவர்களைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடுக்கினேன்.

போய் மூன்றாம் நாள் காலை, மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பதற்றத்தில் ஒரு மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதுதான் அந்த அம்மா டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அட்டையைத் திருப்பினேன். பெயர் இருந்த துண்டு கடையிலேயே தங்கிவிட்டது. இரண்டு வகையும் வெள்ளை, ஒரே அளவு. கொடுத்தது எது என்று தெரியாமல் வேறு மருந்து கொடுக்க டாக்டர் தயங்கினார். மகள் என் தோளில் துவண்டு கிடந்தாள்.

“மருந்துக்கடையவே தூக்கிகினு வந்துட்ட, பேரை மட்டும் ஊர்லயே வுட்டுட்டு வந்துட்டியே” என்றார் கணவர். திட்டா, கிண்டலா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

மருந்துக்கடைக்காரரை வீடியோ காலில் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை ஆறரை. டீக்கடையில் நின்றிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“லைன்லயே இரும்மா, கடைய தொறக்கறேன். நீ குடுத்த மாத்திரையில நடுவுல கோடு இருக்குதா பாரு.”

அதே அட்டையில் மிச்சமிருந்ததைக் காட்டினேன். கோடு இருந்தது.

“அப்ப அது வாந்திக்கு. காய்ச்சலுக்கு நீ இன்னும் ஒண்ணுமே குடுக்கலம்மா. அரைதானே குடுத்த? சீட்டுல எழுதனதும் அரைதான். ஒண்ணும் பேஜாரு இல்ல.”

அதோடு விடாமல், பெயர் தெரியும் முழு அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கடைக்காரர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கி, கிளினிக்கில் தந்த ஸ்டிக்கர்களை அப்பாவின் நெற்றியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள் என் மகள்.

தெரியாத ஊரின் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், என் கையால் அடுக்கியதை மட்டும் சந்தேகப்படவில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். முழு அட்டையாகத்தான் வாங்கியிருக்கிறேன், சீட்டையும் படமெடுத்துவிட்டேன். இருந்தும் எதையோ விட்டுவிட்டதாகவே தோன்றுகிறது. குழந்தையோடு வெளிநாடு போய் வந்த தோழிகளே, நான் எதை மறந்திருக்கிறேன்? தயவுசெய்து எழுதுங்கள்.