சிவப்பில் நிற்கும் தேவநாயகம் மாமா

கண்ணாடியில் ஒரு கார் தெரிந்ததும் தேவநாயகம் மாமா மோட்டார் சைக்கிளை வலது ஓரத்துக்கு உருட்டுகிறார். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. ஹெல்மெட்டைத் திருப்பி, பின்னால் வந்தவரை முழுக் கையாலும் முன்னுக்கு அழைக்கிறார், கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல. கார்க்காரர் குழம்பி, தயங்கி, கோட்டருகே வந்து நிற்கிறார். பச்சை விழுகிறது. மாமா கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போகிறார்.

அந்தச் சந்தியில் தாருக்கு அடியில் ஒரு கம்பி வளையம் புதைத்திருக்கிறார்கள். மேலே கார் நின்றால் அது அறிந்து விளக்குக்குச் சொல்லும். மோட்டார் சைக்கிள் நின்றால் அறியாது. ஒருமுறை நாற்பது நிமிடம் ஒரு காரும் வரவில்லையாம். கிளோறியா மாமி பொரித்துக் கட்டிக் கொடுத்த றோல்ஸை மாமா விளக்கடியிலேயே சாப்பிட்டு முடித்திருக்கிறார்.

"வீட்டிலயும் என்னை ஒருத்தரும் கவனிக்கிறேல்ல. சரி, அது பழகீட்டுது. இப்ப றோட்டுமே?" என்பார்.

வயது ஐம்பத்தொன்பது. டேனிஷ் ஊரான இக்காஸ்டில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் காலை வேலை. மிச்ச நேரமெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர் உரிமைச் சங்கமொன்றின் சம்பளமில்லாத தலைவர், இருபத்திரண்டு வருடமாக. தாடி வைத்து, கை முழுக்கப் பச்சை குத்திய ஆறடி டேனிஷ்காரர்கள், தங்கள் உரிமைக்காகச் சண்டை பிடிக்க இந்த ஐந்தடி மூன்றங்குல மனிதரை ஏன் அனுப்புகிறார்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"றோல்ஸ், பிள்ளை. ஒவ்வொரு வருசமும் ராஜினாமாக் கடிதத்தோடதான் கூட்டத்துக்குப் போறனான். மாமி றோல்ஸ் தந்துவிடுவா. அவங்கள் அதைச் சாப்பிட்டிட்டு எனக்கே வாக்கைப் போட்டிடுவாங்கள். கடிதம் பொக்கற்றுக்கை கிடந்து மடிப்பிலயே கிழிஞ்சு போச்சு."

சங்கம் என்றால் வேகத்துக்காகக் கொடி பிடிக்கும் கூட்டம் என்று நினைத்திருந்தேன். இவர்கள் கேட்பது வேறு. புதுத் தார் போட்ட வளைவில் சல்லிக்கல்லைக் கூட்டி அள்ளச் சொல்வார்கள். விழுந்தவனின் காலை அறுக்காத தடுப்புவேலி கேட்பார்கள். "மற்றவை விடுதலை கேக்கினம். நாங்கள் விளக்குமாறு கேக்கிறம்" என்பது மாமாவின் சுருக்கம்.

அவரைப்போலக் கதைத்துக் காட்டுவதுதான் ஹேர்னிங் தமிழர் மத்தியில் எனக்கிருக்கும் ஒரே மரியாதை. முதலில் மூன்று செருமல், கிளம்ப மறுக்கும் வண்டியை உதைப்பதுபோல. பிறகு நகரசபைக்குத் தொலைபேசி: "கோடே, டெ ஏ தேவநாயகம் இகென்." வணக்கம், திரும்பவும் தேவநாயகம். அதற்குப் பிறகு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார். மறுபக்கத்துப் பெண்ணுக்கு அது ஒன்பது வருடமாக மனப்பாடம். கிறிஸ்மஸ் ஒளிவிழா மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமா வராத விழாக்களில் மட்டுமே செய்வேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

எந்த நகரசபை என்று எழுதக்கூடாதென்பது மாமாவின் கட்டளை. "அவையளோட இன்னும் கதை முடியேல்ல."

முடியாததற்குக் காரணம் உண்டு. போன ஒக்டோபரில் சங்கத்துப் பெண் ஒருத்தி அந்தச் சந்தியில் நின்று நின்று சலித்து, சிவப்பில் போய், லொறியில் அடிபட்டாள். இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாமா ஒரு கடிதம் எழுதினார். "சிவப்பில போ எண்டு நான் ஆருக்கும் சொல்லேலாது. நில் எண்டும் எவ்வளவு நேரத்துக்குச் சொல்லுறது?"

கடைசியில் பதில் வந்தது. வியாழன் பத்து மணிக்குப் பொறியியலாளர் வருவார். ஒரே ஒரு சோதனை. மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு மாறினால் கோப்பு மூடப்படும்.

வியாழன் மாமா தோல் ஜாக்கெற்றுக்குள் கழுத்தில் ரை கட்டி வந்தார். தாடிக்காரர் இருவர் புல்லில் நின்று றோல்ஸ் சாப்பிட்டார்கள். நான் அம்மாவின் சின்னக் காரில், சங்கத்துக்காகப் படம் பிடிக்க வந்து, மாமாவுக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தேன். உண்மையைச் சொன்னால், புதுச் செருமல் ஏதும் அகப்படுமா என்றும் பார்க்கத்தான்.

மாமா கோட்டில் நின்றார். பொறியியலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம், சிவப்பு. இரண்டு நிமிடம், சிவப்பு. அவ்வளவு தூரத்தில் எனக்கு மாமாவின் குரல் கேட்கவில்லை. காரைக் கொஞ்சம் முன்னுக்கு விட்டேன். இன்னும் கொஞ்சம். இன்னும்.

பச்சை.

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். மாமா மட்டும் கண்ணாடியில் என் காரைப் பார்த்தார். பொறியியலாளர் ஏதோ ஒரு சொல் எழுதிவிட்டு தன் வான் வண்டியை நோக்கி நடந்தார். மாமா செருமினார். இரண்டாவது தரம் செருமினார். அதற்குள் வான் கதவு திறந்துவிட்டது. இந்த மனிதருக்கு அவசரமாகச் செருமத் தெரியாது.

காரைவிட்டுக் குதித்து ஓடினேன். நான் இங்கே பிறந்தவள், என் டேனிஷில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த டேனிஷ் என்னைக் கைவிட்டது. வாயைத் திறந்தால் வந்தது மூன்று செருமல், பிறகு உரத்த குரலில், "கோடே, டெ ஏ தேவநாயகம் இகென்!"

பொறியியலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவரும் ஒன்பது வருடமாகத் தொலைபேசியில் கேட்ட குரல். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். தாடிக்காரர் ஒருவருக்கு றோல்ஸ் புரையேறியது. "என்ர கார்தான்," என்று ஒருவழியாக என் சொந்தக் குரலில் டேனிஷில் சொன்னேன். "முட்ட வந்து நின்றது நான். விளக்குக்குத் தெரிந்தது என்னைத்தான்."

மாமா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"நான் மூண்டு தரமே செருமுறனான்?"

"நாலு, மாமா. நான்தான் ஒண்டைக் குறைச்சனான்."

"ம். குரல் சரி. ஆனா என்னைக் கொஞ்சம் உயரமாச் செய்திருக்கலாம்."

என் காரை முப்பது மீற்றர் பின்னுக்கு விடச் சொல்லிவிட்டு, பொறியியலாளர் சோதனையைத் திரும்பத் தொடங்கினார். நான்கு நிமிடம். எட்டு. நல்லகாலம், வேறு கார் வரவில்லை. நான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, மூச்சையும் மெல்ல விட்டேன். பதினொன்றாவது நிமிடம் அவர் புத்தகத்தை எடுத்தார். இந்தத் தடவை ஒரு பக்கம் முழுக்க எழுதினார். வளையத்தை மாற்றுவோம் என்று மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டு வானில் ஏறிப் போனார்.

தாடிக்காரர்கள் கத்தினார்கள், கை தட்டினார்கள். விளக்கு இன்னும் சிவப்பு. "போ தேவா! இப்ப ஆர் பாக்கப்போறான்?" என்று ஒருவர் டேனிஷில் கூவினார்.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை வலது ஓரத்துக்கு உருட்டினார். ஹெல்மெட்டைத் திருப்பி, முழுக் கையாலும் என்னை முன்னுக்கு அழைத்தார்.