கிரேக்கக் கடலில் அந்தோனியாரோடு நான் போட்ட சண்டை

சிட்னியின் பிளாக்டவுனில் எங்கள் செபக்குழுவில் ஒருவருக்கும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை. மகள் அனுஷாவும் மருமகனும் நண்பர்களோடு சேர்ந்து கிரேக்கத் தீவுகளைச் சுற்ற ஒரு கட்டமரான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பாய் கட்டிய பெரிய படகு, மாலுமியும் அதோடு வருவார். எங்களுக்கும் அதில் ஓர் அறை.

"கடல் உங்களிட்ட எடுத்தது காணாதே? இப்ப வாடகைக்குப் பிடிச்சும் ஏறப் போறியளோ?" என்றார் ஓர் அன்ரி.

"ஓம் அன்ரி, ஏறத்தான் போறம்" என்றேன்.

கடல் எடுத்தது என் கணவர் சேவியரின் தம்பியை. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குத் தப்பிப் போகையில் வள்ளம் கவிழ்ந்தது. இவர் பிழைத்தார், தம்பி போய்விட்டான். கடலிலேயே வளர்ந்த மனிதர் அதன்பின் கடலில் கால் நனைக்கவில்லை. சிட்னிக்கு வந்தும் கடற்கரைப் பக்கம் போனதில்லை. தம்பிக்காக அழுததும் இல்லை. எனக்கு அலுத்துப்போயிற்று. ஒரு கடல் என் மனிதரைச் சாகும்வரை மிரட்டிக்கொண்டிருக்க நான் விடுவதா? மன்றாடி, கோபித்து, பேசாமலிருந்து, எப்படியோ அவரை விமானத்தில் ஏற்றினேன்.

படகில் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு மத்தியானம் ஒரு குடாவை நெருங்கியபோது காற்றுத் திரும்பியது. பாயைச் சுருட்டியாயிற்று. ஓர் இன்ஜின் காலையிலேயே பழுது. மற்றதன் விசிறியில் கடலில் மிதந்த வலைக்கயிறு சுற்றிக்கொண்டது. மாலுமி நங்கூரம் போட்டார், அது பிடிக்காமல் இழுபட்டது. பின்னால் பாறை. உதவி கேட்டிருக்கிறேன், வர நேரமாகும், நங்கூரத்தை விட்டு நான் அசைய முடியாது, யாராவது இறங்கிக் கயிற்றை வெட்டுங்கள் என்று கத்தினார். மருமகன் இறங்கினார். அலை அவரை ஏணியோடு சேர்த்து அடித்தது. தோள் பிசகி மேலே வந்தார்.

உள்ளே சேவியர் நடுங்கிக்கொண்டிருந்தார். இழுத்து வந்தது நான். இவர் இங்கே செத்தால் நான் என்ன செய்வேன்? கைப்பையிலிருந்த அந்தோனியார் படத்தை எடுத்தேன். கேட்டதைத் தராவிட்டால் ஊரில் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம். நானும் திருப்பி வைத்தேன். சேவியரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமாகவே சண்டை பிடித்தேன்.

"ஒரு ஆளை அனுப்பச் சொல்லி ஆண்டவரிட்டக் கேளும்! இப்பவே கேளும்! இல்லாட்டி உம்மட முகத்தில முழிக்க மாட்டன்!"

வேறு படகு ஏதும் வருகிறதா என்று யன்னலால் பார்த்தேன். சேவியர் எழும்பினார்.

"கையை விடு, மேரி."

"ஐயோ, நான் கேட்டது உங்களை இல்லை!"

"தெரியும். விடு."

விட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் நான் செய்ததில்லை.

இடுப்பில் கயிறு கட்டி, குசினிக் கத்தியோடு இறங்கினார். "அப்பா, நோ!" என்று அனுஷா கதறினாள். அவர் மூழ்கினார், எழுந்தார், திரும்பவும் மூழ்கினார். பிறகு வெட்டிய கயிற்றுச் சிக்கோடு அவர் கை மேலே வந்தது. இடுப்புக் கயிற்றால் அவரை மேலே இழுத்து ஏற்றியதும் இன்ஜின் பிடித்தது. பாறை எங்களை விட்டுத் தள்ளிப் போனது.

தளத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து, தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். நான் அந்தோனியாரை நேரே திருப்பி நன்றி சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அதிர்ஷ்டம் என்றார் மருமகனின் நண்பர் ஒருவர். நடுங்கிக் கிடந்த மனிதரை எந்த அதிர்ஷ்டம் கடலில் இறக்கும்? மறுநாள் எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிடவா என்று மாலுமி கேட்டபோது, "மிச்சத் தீவையும் பாத்திட்டுத்தான் போறது" என்றார் சேவியர். இப்போது சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கடலுக்குப் போகிறார். சில நாள் நான்தான் வரமாட்டேன் என்கிறேன்.

இதை வாசிக்கிற அன்பான சகோதரரே, பணிந்துதான் செபிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுங்கள், சண்டை பிடியுங்கள். ஆண்டவர் அதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். ஆனால் ஆளை அனுப்பும் என்று கேட்டுவிட்டு, அவர் அனுப்புகிற ஆளின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.